உடைந்த முட்டைகளும் என் கட்டைவிரலும்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் முட்டைக்கென்று முதல் குடோன் போட்டவன் நான். தகரக் கூரை, மண் தரை. மழை வந்தால் ட்ரேக்களைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு நானும் மனைவியும் கீழே நின்றுகொண்டிருப்போம். சைக்கிளில் முட்டை கட்ட ஒரு மரச்சட்டம் செய்தேன். பழைய டியூபை அறுத்து அடியில் வைத்து, பள்ளம் மேட்டில் ஏறி இறங்கினாலும் ஒரு முட்டை அசையாதபடி நானே யோசித்துச் செய்தது. அதைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் செய்துகொண்டார்கள் என்று கேட்டால் எனக்கே தெரியாது. நாமக்கல்லிலிருந்து வரும் லாரி என்னைப் போன்ற சின்ன வியாபாரிக்காக நிற்காத காலத்தில், ஓசூர் தாண்டி அத்திபெலேவில் ரோட்டோரமாக மூன்று நாள் உட்கார்ந்து டிரைவர்களோடு டீ குடித்துப் பேசி நிற்க வைத்தேன். காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பேக்கரிகள், பிரியாணிக் கடைகள், தள்ளுவண்டிகள் என்று இருநூறுக்கு மேல் கடை பிடித்தேன். மூன்று மாடி வீடு கட்டினேன். மகனை பி.காம் படிக்க வைத்தேன். இப்போது குடோனை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். இத்தனையும் மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு செய்தது. கன்னட போர்டை எழுத்தின் உருவம் பார்த்துத்தான் படிப்பேன். தமிழ் மெதுவாக வரும். இதையும் நானேதான் எழுதுகிறேன், யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை.

இதெல்லாம் எங்கள் ஏரியாவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருக்கிறது. நான் ஒரு போன் ஆப்பிலும் வேலை செய்திருக்கிறேன்.

அது என் மருமகளால் வந்தது. ஈரோட்டுப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சின்னக் கடைக்காரர்கள் பால், ரொட்டி, முட்டை எல்லாம் மொத்த வியாபாரிகளிடம் ஆர்டர் போடுகிற ஆப் ஒன்று இருக்கிறதே, அதைச் செய்கிற கம்பெனி. என் முட்டையும் அதில்தான் போகிறது. ஆனால் அவள் முட்டை சாப்பிட மாட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் குடோனுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைவாள், ஒரு நிமிஷத்தில் முகம் சிவந்து வெளியே ஓடிவந்து மூச்சு விடுவாள். முட்டை வியாபாரி வீட்டுக்கு இப்படி ஒரு மருமகளா என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அவளை அன்றைக்கே பிடித்துப் போனது. சாப்பிடாத பொருள், பிடிக்காத வாசனை, ஆனாலும் தினமும் ஒரு தடவை உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவாள். என் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவள் அவள்தான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது ஒரு நாளும் நடுவில் புகுந்து சொல்லித் தர மாட்டாள். முடிக்கும்வரை காத்திருப்பாள். அந்தக் குணம் என் மகனுக்குக் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் அவள் கேட்டாள்.

"மாமா, கடையில முட்டை உடைஞ்சு வந்துச்சுன்னா கடைக்காரங்க என்னங்க பண்ணுவாங்க?"

"இன்னா பண்ணுவான், ஒரு கிண்ணத்துல எடுத்து வெச்சிருப்பான். மறுநாள் நம்ம ஆளு போனா மூஞ்சிக்கு நேரா நீட்டுவான். இது நேத்து உடைஞ்சதுன்னு இவன் சொல்வான், இல்ல உன் வண்டியில உடைஞ்சதுன்னு அவன் சொல்வான். பஞ்சாயத்துதான்."

"பஞ்சாயத்துத் தலைவரு இவருதான்" என்றாள் என் மனைவி. "மோந்து பாத்தே தீர்ப்பு சொல்வாரு."

அது உண்மை. கிண்ணத்தை முகர்ந்தால் போதும், எப்போது உடைந்தது என்று நான் சொல்லிவிடுவேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் வழக்கம். உடைசல் என்பது ஆள் முகத்தைப் பார்த்துத் தீர்க்கிற விஷயம்.

மருமகள் கம்பெனியில் இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். ஆப்பிலேயே ஒரு பட்டன். ட்ரே வந்ததும் உடைந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினால், மறுநாள் அத்தனை முட்டையும் புதிதாக வந்துவிடும். யாரும் யாரிடமும் கத்த வேண்டாம். நல்ல வழிதான். ஆனால் ஒரு கடைக்காரனும் அந்தப் பட்டன் பக்கம் போகவில்லை. அதனால் இவளும் இவளுக்குக் கீழே இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு மஞ்சள் வட்டம் செய்தார்கள். ஆப்பைத் திறந்தால் அந்தப் பட்டனைச் சுற்றி மஞ்சள் வட்டம் மின்னும், பக்கத்தில் ஒரு கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும். அதைத் தொட்டால் அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகும்.

கட்டத்தில் எழுதியிருந்ததை எனக்குக் காட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'சேதமடைந்த பொருட்களைப் பதிவு செய்ய இங்கே தொடவும்.'

"இத எவன் படிப்பான்?" என்றேன். "சேதமடைந்தன்னா வெள்ளம் வந்து வீடு போன மாதிரி இருக்கு."

"அப்ப என்னன்னு போடறதுங்க மாமா?"

"உடைஞ்சிருக்கா, போட்டோ எடுங்க. அவ்வளவுதான்."

அவள் அப்படியே டைப் அடித்துக்கொண்டாள். கன்னடத்திலும் இதே மாதிரி பேச்சு நடையில் போடச் சொன்னேன், அதையும் போட்டார்கள். இது முதல் விஷயம். வாசகர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு அவள் முகம் கொஞ்சம் வாடியது. கேட்டேன். சொன்னாள்.

"எத்தனை பேரு வட்டத்தைப் பாத்தாங்க, எத்தனை பேரு கடைசி வரைக்கும் தொட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியுங்க. அது எங்க மேலதிகாரிக்குப் பத்தலை. பாத்ததாலதான் செஞ்சாங்களா, இல்ல அவங்களா செஞ்சிருப்பாங்களான்னு கேக்கறாரு. அதனால முதல்ல நம்ம முட்டை போற கடைங்கள்ல மட்டும், பாதிக் கடைக்கு வட்டம் காட்டுவோம், பாதிக் கடைக்குக் காட்ட மாட்டோம். ரெண்டு பக்கமும் எத்தனை பேரு போட்டோ போடறாங்கன்னு ஒரு மாசம் பாக்கணும். வித்தியாசம் தெரியலைன்னா வட்டத்தை எடுத்துருவாங்க."

"எடுத்தா எடுத்துட்டுப் போறான். உனக்கு வேற வேல குடுக்க மாட்டானா?"

"எனக்குக் குடுப்பாங்க மாமா. அந்த ரெண்டு பொண்ணுங்களும் கான்ட்ராக்ட்டுங்க. அவங்களுக்கு அன்னிக்கோட வேலை முடிஞ்சுது."

அந்த இரண்டு பெண்களும் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனவர்கள். ஒருத்தி கிருஷ்ணகிரி, ஒருத்தி ஹாசன். கிருஷ்ணகிரிக்காரி என் மனைவியிடம் முட்டைத் தொக்கு கேட்டு வாங்கி டப்பாவில் எடுத்துப் போனாள்.

மருமகள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: போட்டோ நிறைய வந்தால் இவர்கள் ஜெயிப்பார்கள். பாதி, பாதி என்று சொன்னது காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. போட்டோ வர வைக்க வேண்டும், அவ்வளவுதானே? இருநூறு கடை பிடித்தவனுக்கு இது ஒரு வேலையா?

மறுநாளே ஸ்கூட்டரை எடுத்தேன். டாக்டர் முட்டிக்கு நடக்கச் சொன்னார் என்று வீட்டில் சொன்னேன். ஸ்கூட்டரில் போய் எப்படி நடப்பீர்கள் என்று மனைவி கேட்டாள். காதில் வாங்கவில்லை.

முதலில் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரி. அந்த பாய் எனக்கு முப்பது வருஷப் பழக்கம்.

"என்னா பெரியவரே, நீங்களே வந்துட்டீங்க. புள்ள துரத்தி வுட்டானா?"

"உன் போனை எடு பாய். ஆப்பைத் தெற."

"எதுக்கு?"

"மஞ்சள் வட்டம் வந்துதா உனக்கு?"

"வந்துச்சு. க்ராஸைத் தட்டி மூடிட்டேன். லோன் குடுக்கறவன்னு நெனச்சேன். அவனுங்கதான் இப்பிடி மின்ன வுடுவானுங்க."

"லோனும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க, உன் உடைசல் கிண்ணம் எங்க?"

கிண்ணம் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நானே அதை ட்ரேயில் வைத்து, ட்ரேயை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் அவருக்குப் புது முட்டை போனது. "வேல ஆய்ட்டுச்சு பெரியவரே" என்று போன் பண்ணிச் சொன்னார். எனக்கு மனசு நிறைந்து போனது.

அடுத்து ஜீவனஹள்ளியிலேயே மெஸ் நடத்துகிற ஒரு அக்கா. பெயர்தான் அக்கா, என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன்.

"எனக்கு அந்த மஞ்ச வட்டமே வரலியே அண்ணா."

"போன் பழசா இருக்கும்."

"போன மாசம்தான் வாங்கினேன்."

"அப்ப நெட் சரியில்ல. குடு இங்க."

வட்டம் வராவிட்டால் என்ன, பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே. மூன்று கோடு போட்ட இடத்தைத் தொட்டு, உள்ளே போய், நானே கண்டுபிடித்துக் காட்டினேன். வட்டம் வராத கடைகளில் எனக்கு இரக்கம் ஜாஸ்தி. பாவம், இவர்கள் போனுக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று நினைத்து, அங்கேயெல்லாம் இரண்டு தடவை போய், இரண்டு தடவை செய்து காட்டினேன். டீயும் குடித்தேன்.

இப்படி ஒரு மாதம். ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் முழுக்க என் கால்படாத கடை இல்லை. அத்திபெலே பக்கத்துக் கடைகளுக்கும் எங்கள் முட்டை போகிற வேறு தூரத்துக் கடைகளுக்கும் போக முட்டி விடவில்லை. மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெயித்தபிறகு சொல்லலாம், முகத்தைப் பார்க்கலாம் என்று ஆசை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டையைக்கூடக் கழற்றாமல் மேஜையில் உட்கார்ந்தாள்.

"போட்டோ வந்துதாமா?" என்றேன்.

"நிறைய வந்திருக்குங்க மாமா. நாங்க நெனச்சதைவிட ரொம்ப நிறைய."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்பிடி?"

"வட்டம் காட்டாத பக்கமும் அதே அளவு வந்திருக்குங்க. சொல்லப் போனா அந்தப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. அப்ப வட்டத்தால ஒரு உபயோகமும் இல்லைன்னு அர்த்தம். திங்கக்கிழமை அவருகிட்டக் காட்டணும். அந்தப் பொண்ணுங்ககிட்ட இன்னும் சொல்லலை."

அந்த நிமிஷத்தில்தான் பாதி, பாதி என்று அவள் சொன்னது எனக்கு உள்ளே போனது. மெஸ் அக்காவின் புதுப் போன் கண்முன் வந்தது. அது கெட்டுப் போகவில்லை. அவளுக்கு வட்டம் காட்டக் கூடாது என்று இவர்களே வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் போய் நான்தான் வட்டமாக நின்றிருக்கிறேன்.

சொல்ல வேண்டியதுதானே? லாரிக்காரனோடு, ரௌடியோடு, கார்ப்பரேஷன்காரனோடு எல்லாம் பேசியவன், மருமகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் எழுந்து போய் மாடியில் செடிக்குத் தண்ணீர் விட்டேன். மனைவி ஏற்கெனவே விட்டிருந்தாள். மறுபடி விட்டேன்.

சனிக்கிழமை காலை அவள் லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாற்றுப் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, கொஞ்சம் இங்க வாங்க. உங்க கையைக் காட்டுங்க."

"எந்தக் கை?"

"இடது கைங்க."

என் இடது கட்டைவிரலில் நகம் பாதிதான் வளரும். வாலிபத்தில் இரும்புச் சட்டம் விழுந்து பிளந்தது. அவள் என் விரலைப் பிடித்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஸ்கிரீனில் பிரேசர் டவுன் பாயின் ட்ரே. ட்ரேயைப் பிடித்திருந்த கட்டைவிரலில் பாதி நகம். அடுத்த போட்டோ, மெஸ் அக்கா கடை. பாதி நகம். அடுத்தது. அதற்கடுத்தது. வட்டம் காட்டிய கடை, காட்டாத கடை, எல்லாவற்றிலும் நான்.

"அடக் கடவுளே" என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து. "முட்டிக்கு நடக்கறேன்னு இங்கதான் போனாரா."

மருமகள் கையை விட்டாள். எழுந்துபோய், கழுவி வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவினாள். அவளுக்குக் கோபம் வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. கோபத்தில்கூடக் குரல் உயரவில்லை.

"ஏனுங்க மாமா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

"உன்னை ஜெயிக்க வெக்கலாம்னு பாத்தேன்."

"ஜெயிக்கறதுக்கு இல்லீங்க. நிஜம் என்னன்னு பாக்கறதுக்கு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"எந்தெந்தக் கடைக்குப் போனீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

இங்கேதான் என் திறமை. எழுதி வைக்கவில்லை, ஆனால் எனக்கு எழுதி வைக்கத் தேவையில்லை. ஜீவனஹள்ளி முனையிலிருந்து ஆரம்பித்து, கடை கடையாக, எந்தக் கடையில் யார் இருந்தார், வட்டம் வந்ததா வரவில்லையா, பாய் லோன் என்று நினைத்து மூடியது, இன்னொருவர் ஏதோ பரிசு விளம்பரம் என்று மூடியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டைப் அடித்துக்கொண்டே வந்தாள். லோன் விஷயத்தைச் சொன்னபோது கை நின்றது.

"மின்னறதாலயா அப்படி நெனச்சாங்க?"

"ஆமா. இன்னும் ரெண்டு மூணு பேரு அப்பிடித்தான் சொன்னாங்க."

"இதை எங்ககிட்ட ஒருத்தரும் சொன்னதில்லீங்க மாமா. நாங்க பாக்கறது க்ராஸ் தட்டினாங்கன்னு மட்டும்தான்."

மத்தியானம்வரை போனது. எங்காவது எனக்கு மறந்திருந்தால் போட்டோவில் கட்டைவிரல் சாட்சி சொன்னது. நான் போன கடைகளையெல்லாம் தனியே ஒதுக்கினாள். மிச்சம் நின்றது அத்திபெலேப் பக்கத்துக் கடைகளும் மற்ற தூரத்துக் கடைகளும். அவற்றிலும் பாதிக்கு வட்டம், பாதிக்கு இல்லை. அதை மட்டும் பார்த்தாள். பார்த்துவிட்டு மேஜையை உள்ளங்கையால் தட்டினாள்.

வட்டம் காட்டாத பக்கத்தில் போட்டோ அங்கொன்றும் இங்கொன்றுமாக. வட்டம் காட்டிய பக்கத்தில் அதைவிட நன்றாகவே வந்திருந்தது. வட்டம் வேலை செய்திருக்கிறது.

"ரெண்டு பொண்ணுங்களும் பொழைச்சாங்க" என்றேன்.

"இருங்க மாமா, இன்னொண்ணு பாக்கணும்."

ஒதுக்கி வைத்த என் கடைகளைத் திரும்ப எடுத்தாள். நான் போன நாளுக்குப் பிறகு அந்தக் கடைகளிலிருந்து வந்த போட்டோக்களைத் தேடினாள். பாதி நகம் இல்லை. பாயின் மாவு ஒட்டிய விரல். மெஸ் அக்காவின் வளையல். யாரோ ஒருவர் ட்ரேயைத் தரையில் வைத்துக் காலோடு எடுத்திருந்தார். அவர்களாகவே, வாரத்துக்கு வாரம், உடையும்போதெல்லாம். வட்டம் மட்டும் பார்த்த கடைகளில் நிறையப் பேர் ஒரு தடவை போட்டுவிட்டு நிறுத்தியிருந்தார்கள். என் கடைகளில் நிறுத்தியவர்கள் கம்மி.

"மாமா, ஆளு நேரா போயி ஒரு தடவை செஞ்சு காட்டினா அது நிக்குதுங்க" என்றாள்.

"நான் போனா நிக்கும்" என்றேன்.

"ஆளு போனதாலயா, நீங்க போனதாலயான்னு பிரிச்சுப் பாக்கறதுக்கு இன்னொரு டெஸ்ட் வெக்கணும்" என்று சொல்லி, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். வட்டத்தை எடுக்கவில்லை. மின்னுவதை நிறுத்தச் சொன்னார்களாம், லோன் விஷயம் கேட்டு. அந்த இரண்டு பெண்களுக்கும் இன்னும் மூன்று மாதம் நீட்டித்தார்கள். புதுக் கடை சேரும்போது ஒரு ஆளை நேரில் அனுப்பிக் காட்டலாமா என்று அடுத்து பார்க்கப் போகிறார்கள். கிருஷ்ணகிரிக்காரி போன் பண்ணி, "தேங்க்ஸ் அங்கிள், ஆனா இனிமே வீட்லயே இருங்க" என்றாள்.

எல்லாம் சரி. அந்த ரிப்போர்ட்டைக் காட்டு என்றேன். காட்டினாள். மூன்று வரிசை இருந்தது. வட்டம் இல்லாதவை, வட்டம் உள்ளவை. மூன்றாவது வரிசைக்கு இங்கிலீஷில் என்னவோ தலைப்பு. தமிழில் சொல்லச் சொன்னேன்.

"களப் பணியாளர் உதவின்னு வரும்ங்க மாமா."

"யாரு அது?"

"நீங்கதாங்க."

"நான் எவன்கிட்டம்மா களப் பணியாளனா இருந்தேன்? என்னிக்காவது ஒருத்தன் கிட்ட கைகட்டிச் சம்பளம் வாங்கியிருக்கேனா?"

"வீட்டு ஆளுங்க பேரெல்லாம் ரிப்போர்ட்ல போட மாட்டாங்க மாமா. போட்டா, டெஸ்ட்டைக் கெடுத்ததும் நீங்கதான்னு சேத்துப் போடணும்."

"சேத்தே போடு" என்றேன். அவள் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். இன்னும் கேட்கவில்லை. கேட்பாள், அவள் வாக்குத் தவற மாட்டாள். ஆனால் எனக்கு வயசாகிறது, அதனால் நானே இங்கே எழுதிவிடுகிறேன். அந்தக் கம்பெனியில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் உங்களுக்குத்தான் சொல்கிறேன். 'உடைஞ்சிருக்கா, போட்டோ எடுங்க' என்ற வாக்கியம் என்னுடையது. மின்னினால் லோன்காரன் என்று நினைப்பார்கள் என்பதைக் கொண்டுவந்தவன் நான். நேரில் ஒரு தடவை காட்டினால் அது நிற்கும் என்பதை முட்டி வலியோடு கடை கடையாகப் போய்க் காட்டியவனும் நான். உங்கள் கணக்கைக் கெடுத்தேன் என்று ஒரு வரி போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்த வரியில், கண்டுபிடித்தது ஜீவனஹள்ளி முட்டைக்காரர், மூன்றாம் வகுப்பு, இந்தப் பெண்ணின் மாமனார் என்று போடுங்கள். இரண்டு வரியும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.